கான் வீட்டுச் சிரிப்பு

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 27ஆம் நாள். இங்கிலாந்தில் அன்று பொது விடுமுறை. நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. இரவு பத்து மணிக்கு மேல், பிபிசி நிறுவனத்தின் முதல் அலைவரிசையில் ‘சிட்டிசன் கான்’ என்னும் நகைச்சுவைத் தொடரின் முதற்பகுதி ஒளிபரப்பாயிற்று. பர்மிங்ஹாம் நகரில் வாழும் பாக்கிஸ்தானிய முஸ்லிம் குடும்பம் ஒன்றின் கதை அது. ஏறத்தாழ 36 இலட்சம் பேர் அதனைக் கண்டனர். மறுநாளே அந்நிறுவனத்துக்கு வந்து சேர்ந்த முறையீடுகள் இருநூற்றை நெருங்கின.

அரைமணி நேர நாடகம் ஒன்று இத்தனை உள்ளங்களைப் புண்படுத்தியது ஏன்? அதே நாடகம் வேறு பல முஸ்லிம் இல்லங்களில் விலா நோகச் சிரிக்க வைத்ததும் ஏன்? இவ்விரு வினாக்களையும் ஒருங்கே வைத்து எண்ணிப் பார்ப்பது நமக்கும் பயன் தரும் என்று கருதுகிறோம். பிறர் எழுதும் நாடகங்களிலும் படங்களிலும் நம் முகத்தைத் தேடிப் பார்த்து, கண்டதும் மகிழ்வதா வருந்துவதா என்று தெரியாமல் நின்று பழகியவர்கள் நாம். அந்தத் தடுமாற்றத்தையே கடலுக்கு அப்பாலுள்ள முஸ்லிம்களும் அன்றிரவு அடைந்தார்கள்.

முதலில் கான் வீட்டை அறிமுகம் செய்துகொள்வோம். பர்மிங்ஹாமின் ஸ்பார்க்ஹில் பகுதியில் வசிக்கிறார் திருவாளர் கான். தலையில் ஆட்டுத்தோல் தொப்பி, தாடி, மூக்குக் கண்ணாடி, பழைய மஞ்சள் நிற மெர்சிடிஸ் கார். கிரிக்கெட்டிலும் பாக்கிஸ்தானிலும் அளவிறந்த பற்று; காசு செலவழிப்பதில் அளவிறந்த தயக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, தாமே சமுதாயத் தலைவர் என்னும் அசையாத நம்பிக்கை. அந்தப் பதவியை அவருக்கு எவரும் கொடுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. மனைவி ரஸியா, திருமணத்துக்குக் காத்திருக்கும் மூத்த மகள் ஷாஸியா, அவளுக்குப் பேசிய வெகுளி மாப்பிள்ளை அம்ஜத், தந்தையை நொடியில் ஏமாற்றிவிடும் இளைய மகள் ஆலியா, வீட்டுக்கு அவ்வப்போது வந்து போகும் நானி ஆகியோர் அவ்வுலகின் மக்கள். பள்ளிவாசலின் நிர்வாகியோ, இஸ்லாத்தைத் தழுவிய டேவ் என்னும் வெள்ளையர்.

இந்தக் கானை உருவாக்கி, தாமே நடிக்கவும் செய்தவர் ஆதில் ரே. அவர் பர்மிங்ஹாமிலேயே பிறந்து வளர்ந்தவர், தந்தைவழியில் பாக்கிஸ்தானியர். 2010ஆம் ஆண்டில் ‘பெல்லமீஸ் பீப்பிள்’ என்னும் மற்றொரு பிபிசி தொடரில் இந்தப் பாத்திரம் முதன்முதலில் தலைகாட்டியது. பின்னர் அனில் குப்தா, ரிச்சர்ட் பின்டோ ஆகிய இருவருடன் சேர்ந்து அதனைத் தனித் தொடராக எழுதினார். ஆகவே, வீட்டுக்குள் எட்டிப் பார்த்து எழுதிய வெளியார் கதை இது என்று எவரும் கூறுவதற்கில்லை.

முறையீட்டாளர்களில் பலர் சுட்டிக்காட்டிய காட்சி ஒன்று உண்டு. ஆலியா முகம் நிறைய ஒப்பனையுடன் இருக்கிறாள். தந்தை வரும் ஓசை கேட்கிறது. உடனே தலைமுக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு, திருக்குர்ஆனை ஓதுவதுபோல் பாவனை செய்கிறாள். தந்தையோ மகளின் பக்தியைக் கண்டு பூரித்துப்போகிறார். அரங்கம் சிரிக்கிறது.

திருமறையைக் கேலிப்பொருளாக்கிவிட்டார்கள் என்று சினந்தவர்கள் உண்டு. முஸ்லிம்களைப் பற்றிய தேய்ந்த எண்ணங்களையே திரும்பவும் விற்கிறார்கள் என்று வருந்தியவர்கள் உண்டு. தம் வாப்பாவை அப்படியே திரையில் பார்த்தோம் என்று களித்தவர்களும் உண்டு. பாத்திரங்கள் நகைச்சுவைக்கென்று படைக்கப்பட்டவை, ஒரு சமுதாயம் முழுவதையும் அவை குறிக்கமாட்டா என்னும் வகையில் பிபிசி விடையளித்தது. அந்த விடை சினந்தவர்களையும் ஆற்றவில்லை. களித்தவர்களுக்கும் அது தேவைப்படவில்லை.

நாம் முதலில் சினத்தைச் சீர்தூக்குவோம். அந்தக் காட்சி திருமறையைக் கேலி செய்கிறதா? நிதானமாக நோக்கினால், கேலிக்கு ஆளாகிறவர்கள் இருவர். ஒருத்தி, பக்தியை வேடமாக அணிகின்ற பெண். மற்றவர், வேடத்தைக் கண்டு உண்மையென்று நம்பிவிடும் தந்தை. பிறர் காணவேண்டி வணங்குவதைக் கண்டிப்பதில் நம் மார்க்கம் எந்த நாடகாசிரியருக்கும் பின்தங்கியதன்று. எனவே, காட்சியின் கரு குற்றமுடையதென்று நம்மால் சொல்ல முடியவில்லை. முஸ்லிம் வீட்டில் பொய் இருக்கலாகாது என்பது அறம். முஸ்லிம் வீட்டில் பொய் இருப்பதாக எவரும் எழுதலாகாது என்பது அறமாகாது.

சிரிப்பும் நமக்கு விலக்கப்பட்டதன்று. சுவனம் புக வேண்டித் தமக்காக இறைஞ்சுமாறு கேட்ட மூதாட்டி ஒருவரிடம், முதியவர்கள் சுவனம் புகுவதில்லை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன செய்தியை நம் பிள்ளைகளும் அறிவார்கள். அம்மூதாட்டி கலங்கினார். அவர் கலங்கியவாறே போய்விடாமல், சுவனம் புகும்போது முதுமை நீங்கி இளமை எய்தியிருப்பார் என்னும் பொருளை நாயகம் (ஸல்) அவர்கள் விளக்கச் செய்தார்கள். அந்த நகைச்சுவையில் பொய் இல்லை. யாரைப் பற்றிச் சொல்லப்பட்டதோ அவரே இறுதியில் மகிழ்ந்தார். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரை ஏளனம் செய்வதைச் சூரத்துல் ஹுஜுராத் தடுத்திருப்பதையும் இதனுடன் சேர்த்து எண்ணினால், நகைச்சுவைக்கு நம்மிடம் ஓர் அளவுகோல் இருப்பது விளங்கும். சொன்னது உண்மையா? சிரிப்புக்கு உள்ளானவர் முடிவில் யாருடன் நிற்கிறார்?

முதல் வினாவுக்குக் கான் வீட்டுக் காட்சி ஓரளவு தேறிவிடுகிறது. தந்தைக்கு அஞ்சி முக்காடு போட்டுக்கொள்ளும் பெண் உலகில் இல்லாதவள் அல்லள். இரண்டாவது வினாவில்தான் சிக்கல் எழுகிறது. ஏனெனில் தொலைக்காட்சியின் சிரிப்பு ஒரே கூடத்தில் எழுவதன்று. இலட்சக்கணக்கான கூடங்களில் எழுவது. கூடத்துக்குக் கூடம் அதன் பொருள் மாறுகிறது.

இதற்கு நல்ல சான்று அமெரிக்காவில் கிடைக்கிறது. 1971ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் அங்கே சிபிஎஸ் நிறுவனம் ‘ஆல் இன் தி ஃபேமிலி’ என்னும் குடும்ப நகைச்சுவைத் தொடரைத் தொடங்கியது. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழும் ஆர்ச்சி பங்கர் என்னும் வெள்ளைத் தொழிலாளி, கறுப்பர்களையும் யூதர்களையும் வெளிநாட்டாரையும் வாய்க்கு வந்தபடி ஏசுவான். அவனை எதிர்த்து வாதிடுபவன் மருமகன் மைக். இனவெறியைச் சிரித்தே விரட்ட வேண்டும் என்பது அதனைப் படைத்த நார்மன் லியரின் எண்ணம். தொடர்ந்து ஐந்து பருவங்கள் அந்நாட்டிலேயே மிகுதியானவர்கள் பார்த்த தொடராக அது விளங்கியது. ஆயின் 1974ஆம் ஆண்டில் நீல் விட்மர், மில்டன் ரோக்கீச் என்னும் இரு உளவியலாளர்கள் அமெரிக்க இளைஞர்களிடமும் கனடாவின் வயதுவந்தோரிடமும் கேட்டறிந்து வெளியிட்ட ஆய்வு வேறொரு செய்தியைச் சொன்னது. வெறுப்புணர்ச்சி குறைந்தவர்கள் ஆர்ச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். வெறுப்புணர்ச்சி மிகுந்தவர்களோ ஆர்ச்சியோடு சேர்ந்து சிரித்தார்கள். அவன் பேச்சிலேதான் நியாயம் இருப்பதாக எண்ணினார்கள். நாடகம் ஒன்றுதான். சிரித்த ஓசையும் ஒன்றுதான். அதிலிருந்து ஒவ்வொருவரும் எடுத்துக்கொண்டது தாம் ஏற்கெனவே வைத்திருந்ததையே.

இந்த உண்மையை ஆலியாவின் காட்சியோடு பொருத்திப் பாருங்கள். முஸ்லிம் கூடத்தில் அமர்ந்திருக்கும் தாய், தன் மகளின் குறும்பை அதில் காண்கிறாள். கடிந்துகொள்வாள், உள்ளூரச் சிரிக்கவும் செய்வாள். முஸ்லிம்களை அறிந்தே இராத மற்றொரு கூடத்தில், ‘இவர்களுடைய முக்காடெல்லாம் அச்சத்தினால் போடுவதுதான்’ என்னும் பழைய எண்ணத்துக்கு அதே காட்சி முத்திரை குத்துகிறது. மறுநாள் காலை, தன் விருப்பத்தோடு முக்காடு அணிந்து கல்லூரிக்குப் போகும் ஒரு பெண்ணைப் பார்த்து அந்தக் கூடத்தைச் சேர்ந்தவர் புன்னகைத்தால், அந்தப் புன்னகைக்கு அவள் என்ன விடை சொல்வாள்? முறையீட்டாளர்கள் தம் வருத்தத்தை மார்க்கத்தின் பெயரால் எழுதினார்கள். அவர்கள் மனத்தில் இருந்தது அந்த மறுநாள் காலையே என்று நமக்குத் தோன்றுகிறது.

அரங்கத்துச் சிரிப்பும் இதில் பங்கு கொள்கிறது. இத்தொடர் பார்வையாளர்களை நேரில் அமர்த்திப் படமாக்கப்பட்டது. அவர்களுடைய சிரிப்பொலியும் வசனத்தோடு சேர்ந்தே ஒலிக்கிறது. வீட்டில் இருப்பவர் அந்தச் சிரிப்பில் கலந்துகொண்டால், பெரிய கூட்டத்தில் ஒருவராகிவிட்ட மகிழ்ச்சி பெறுகிறார். கலந்துகொள்ள மனம் வராவிட்டாலோ, பெரிய கூட்டம் ஒன்று தம்மைச் சூழ்ந்து நின்று நகைப்பதாக உணர்கிறார். மேடையில் நடப்பது வேடிக்கையே ஆயினும், சிரிக்கும் கூட்டம் உண்மையான கூட்டம்.

எண்ணிக்கையையும் கருத வேண்டும். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 27 இலட்சம் முஸ்லிம்கள் வாழ்ந்தனர்; நூற்றுக்கு ஏறத்தாழ ஐவர். பர்மிங்ஹாமிலோ ஐவரில் ஒருவருக்கும் சற்று மேல். இத்தனை பேருக்கும் அந்தப் பெரிய அலைவரிசையின் நகைச்சுவை நேரத்தில் கிடைத்தது கானின் வீடு ஒன்றே. வெள்ளையர் குடும்பங்களைப் பற்றிய தொடர்கள் ஆண்டுதோறும் பல வருகின்றன. ஒன்றில் தந்தை மூடராயிருந்தால் மற்றொன்றில் அறிவாளியாக இருப்பார். எந்த வெள்ளையரும் அந்த மூடரைத் தம் பிரதிநிதியாக எண்ணி வருந்துவதில்லை. ஒரே வீடுதான் உண்டு என்னும்போது, அந்த வீட்டில் விழும் ஒவ்வொரு கரண்டியின் ஓசையும் சமுதாயம் முழுவதின் ஓசையாகிவிடுகிறது. சினந்தவர்கள் தொடரைப் பொய்ச் சாட்சி என்றார்கள். களித்தவர்கள் மெய்ச் சாட்சி என்றார்கள். சாட்சிக் கூண்டில் நிறுத்தப்பட்ட நாடகம் நாடகமாக மூச்சுவிட இடமில்லாமல் போயிற்று.

எழுதியவர் நம்மவர்தாமே, பிறகென்ன என்று சிலர் வாதிடக்கூடும். 1977ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஐடிவியில் தொடங்கிய ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ தொடரில் அலி நதீம் என்னும் பாக்கிஸ்தானியர் வருவார். தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசுவதும் வகுப்பிலுள்ள சீக்கியரோடு ஓயாமல் சண்டையிடுவதுமே அவருடைய வேலை. அதனோடு ஒப்பிட்டால் கான் எவ்வளவோ முன்னேற்றம்தான். அவருக்கு வீடு உண்டு, மனைவி மக்கள் உண்டு, அவமானமும் பாசமும் உண்டு. ஆயினும், எழுதுகிறவரின் பெயர் மாறினால் மட்டும் சிரிப்பின் திசை மாறிவிடாது. பழைய வேடிக்கைகளை நம்மவரே தம் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்குவதும் உண்டு.

கனடாவிலிருந்து வந்த மற்றொரு தொடரை இங்கே நினைவுகூர்வது தகும். 2007ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் சிபிசி நிறுவனம் ‘லிட்டில் மாஸ்க் ஆன் தி ப்ரேரி’யைத் தொடங்கியது, முதற்பகுதியை ஏறத்தாழ 21 இலட்சம் பேர் கண்டனர். படைத்தவர் ஸர்கா நவாஸ் என்னும் முஸ்லிம் பெண்மணி. பள்ளிவாசல்களில் பெண்களின் இடத்தைப் பற்றி 2005ஆம் ஆண்டிலேயே ஆவணப்படம் எடுத்தவர் அவர். மெர்சி என்னும் கற்பனைச் சிற்றூரில், கிறித்தவத் தேவாலயத்தின் கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தொழுகை நடத்துகிறார்கள். அங்கே இமாமாக வரும் இளைஞர், விமான நிலையத்தில் தம் தாயுடன் தொலைபேசியில் பேசியதைப் பக்கத்தில் இருப்பவர் தவறாகப் புரிந்துகொள்ள, காவலர் அவரைப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தில் சிரிக்கிறவன், முஸ்லிமைக் கண்டு அஞ்சும் தன் அச்சத்தைக் கண்டே சிரிக்க நேர்கிறது.

அத்தொடரின் மற்றொரு பகுதியில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே தடுப்பு வேண்டும் என்கிறார் பழைமையில் ஊறிய பேராசிரியர் பாபர். கூடாது என்கிறாள் மருத்துவர் ரையான். அவளும் முக்காடு அணிந்தவள், தொழுகையைத் தவறவிடாதவள். இருவரும் மார்க்கத்துக்குள் நின்றே வழக்காடுகிறார்கள். நகைப்பு எழுகிறது, ஆயின் அது ஈமான் கொண்டவர்களிடையே எழும் நகைப்பு. இங்கேதான் கான் வீட்டின் குறை நமக்குப் புலப்படுகிறது. ஆலியாவின் காட்சியில் முக்காடு என்பது ஒளிவதற்கு ஒரு திரை. திருமறை என்பது கையில் பிடிக்க ஒரு பொருள். அவற்றுக்கும் அவள் உள்ளத்துக்கும் என்ன உறவு என்று கேட்க அக்காட்சிக்கு நேரமில்லை. இதனை அவமதிப்பு என்பதைவிட வறுமை என்பதே பொருந்தும்.

இவ்வாறு கூறுவதால் தொடர் முழுவதையும் தள்ளிவிட வேண்டும் என்று பொருளாகாது. தம்மைத் தாமே சமுதாயத் தலைவராக அறிவித்துக்கொண்டு திரியும் கானை நோக்கி எழும் சிரிப்பு குறி தவறாதது. பிறப்பால் முஸ்லிமான தமக்கு மேலாக, விரும்பி இஸ்லாத்தை ஏற்ற வெள்ளையர் ஒருவர் பள்ளிவாசலை நிர்வகிப்பதை அவரால் செரித்துக்கொள்ள முடிவதில்லை. தோலின் நிறத்தைப் பார்க்காத மார்க்கத்தில் இருந்துகொண்டு நிறத்தைப் பார்க்கிற அந்த மனத்தை, பத்துச் சொற்பொழிவுகளைவிட ஒரு சிரிப்பு நன்றாகச் சுட்டிக்காட்டிவிடுகிறது. எவரும் தேர்ந்தெடுக்காத தலைவர்கள் எந்த ஊரில்தான் இல்லை? முக்காட்டைப் பற்றிய இரைச்சலில் இந்த நல்ல நையாண்டி அமுங்கிப்போயிற்றே என்பது நம் வருத்தம்.

தொடர் ஐந்து பருவங்கள் ஓடி 2016ஆம் ஆண்டில் முடிந்தது. அதே ஆண்டில் நாடாளுமன்ற உறுப்பினர் ரூபா ஹக், இது முஸ்லிம் வெறுப்பை வளர்க்கும் தொடர் என்று அவையிலேயே சாடினார். அவரும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவரே. அதே ஆண்டில்தான் ஒலிபரப்புப் பணிக்காக ஆதில் ரேக்கு அரசு விருதும் கிடைத்தது. முதல் இரவின் பிளவு இறுதிவரை மூடவில்லை என்பதற்கு இவ்விரண்டுமே போதிய சான்று.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிமைத் திரையில் கொண்டுவந்து கொச்சைத் தமிழ் பேச வைக்கும் வழக்கத்தை நாம் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறோம். அதனால் நமக்கு ஏற்பட்ட வடு, பிறர் நம்மைப் பற்றிச் சிரித்தாலே சினம் கொள்ளும்படி நம்மைப் பழக்கியிருக்கிறது. ஆயினும், நம்மைப் பார்த்து நாமே சிரிக்கும் கலை நமக்குப் புதிதன்று. அண்டையிலுள்ள கேரளத்தில் வைக்கம் முகம்மது பஷீர், பாட்டனாரின் யானைப் பெருமையில் வாழும் ஒரு முஸ்லிம் குடும்பத்தை 1951ஆம் ஆண்டிலேயே நாவலாக்கினார். தமிழில் தோப்பில் முகமது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ 1988ஆம் ஆண்டில் நூலாக வந்தது. ஊர் முதலாளியின் செருக்கையும் மக்களின் மூடநம்பிக்கையையும் அந்த ஊர்ப் பேச்சிலேயே எள்ளி நகையாடியது. அவற்றில் சிரிக்கும்போது நாம் வெளியே நிறுத்தப்பட்டதாக உணர்வதில்லை. சிரிப்புக்கு உள்ளானவர்களின் பசியும் அச்சமும் அவற்றில் கூடவே எழுதப்பட்டிருக்கின்றன.

ஆகவே, முறையீடு எழுதுவது தவறென்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் முறையீட்டுக்குப் பின் வெற்றிடம் எஞ்சினால், அடுத்த கானையும் அதே அவசரத்தில் எவரேனும் எழுதுவர். நாமும் அதே அவசரத்தில் சினப்போம் அல்லது களிப்போம். ஒரு வீடு போதாது. பல வீடுகள் எழுதப்பட வேண்டும். வாப்பாவை அறிந்த மகளும், மகளை அறிந்த உம்மாவும் எழுத வேண்டும்.

ஆலியாவிடமே மீண்டும் வருவோம். தந்தை வெளியேறிவிட்டார், நடிக்க வேண்டிய தேவை தீர்ந்தது. முக்காட்டை அவள் கழற்றி எறியக்கூடும். கையிலிருக்கும் திருமறையை எறிவாளா? எவ்வளவு குறும்புக்காரியானாலும் முஸ்லிம் வீட்டில் வளர்ந்த பெண் அதனைக் கால்மாட்டில் போடமாட்டாள். தன்னை அறியாமலே எழுந்து உயரமான இடம் தேடி வைப்பாள். பொய் சொன்ன அதே கை அந்த மரியாதையையும் செய்கிறது. அந்தக் கையை எழுதுகிறவருக்காக நம் வீடுகள் காத்திருக்கின்றன.